பிரிண்டர் அச்சடிக்கவில்லையா? கோளாறு எந்தப் பக்கம் என்று முதலில் கண்டுபிடியுங்கள்

இரவு ஒன்பது மணிக்கு அக்கா மகள் தொலைபேசியில் அழைத்தாள். மறுநாள் காலை அவளுக்கு நேர்காணல். விண்ணப்பமும் சான்றிதழ்களின் பிரதிகளும் கையில் இருந்தாக வேண்டும்.

"சித்தி, பதினோரு முறை பிரிண்ட் கொடுத்துவிட்டேன். பிரிண்டரில் பச்சை விளக்கு எரிகிறது, காகிதமும் இருக்கிறது. ஒரு தாள்கூட வரவில்லை. எல்லாவற்றையும் நீக்கிவிட்டு முதலிலிருந்து இன்ஸ்டால் செய்யட்டுமா?"

"எதையும் நீக்காதே. கணினியை அப்படியே விடு. ஏதாவது ஒரு தாளை ஸ்கேனர் கண்ணாடியின் மேல் வைத்து, பிரிண்டரில் இருக்கும் காப்பி பட்டனை அழுத்து" என்றேன்.

அரை நிமிடத்தில் பிரதி வந்துவிட்டது. பிரிண்டர் காகிதத்தை இழுக்கிறது, மை இருக்கிறது, உள்ளே இருக்கும் இயந்திரம் ஓடுகிறது என்று அந்த ஒரு தாள் சொல்லிவிட்டது. இனி பிரிண்டரைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை. தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிட்டது.

அச்சு வராதபோது நாம் பெரும்பாலும் செய்வது இதற்கு நேர்மாறானது. கைக்கு வந்ததை மாற்றுகிறோம்: கேபிளைப் பிடுங்கிச் செருகுகிறோம், டிரைவரை நீக்குகிறோம், ரவுட்டரை அணைக்கிறோம், புதுக் கார்ட்ரிட்ஜ் போடுகிறோம். ஒருவேளை சரியாகிவிட்டால் எதனால் சரியானது என்று தெரியாது. சரியாகாவிட்டால், முதலில் இருந்த ஒரு கோளாறோடு நாமே உண்டாக்கிய இரண்டு கோளாறுகளும் சேர்ந்துவிடும். எதையும் மாற்றுவதற்கு முன்னால் கோளாறு எந்தப் பக்கம் என்று பார்த்துவிடுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஒரு தாள் வரும் பாதை

நீங்கள் பிரிண்ட் என்று சொன்னதும் ஆவணம் நேராகப் பிரிண்டருக்குப் போவதில்லை. ஸ்பூலர் என்னும் சேவை அதை வாங்கிக் கணினியிலேயே ஒரு கோப்பாக வைத்து வரிசையில் நிறுத்துகிறது. டிரைவர் அதை உங்கள் பிரிண்டருக்குப் புரியும் மொழிக்கு மாற்றுகிறது. பிறகு அது போர்ட் என்னும் வாசல் வழியாக வெளியே வந்து, யூஎஸ்பி கேபிளிலோ வைஃபையிலோ பயணம் செய்து பிரிண்டரை அடைகிறது. கடைசியில்தான் காகிதமும் மையும்.

பாதை நீளமாகத் தோன்றினாலும் அதை மூன்று துண்டுகளாகப் பார்த்தால் போதும்: பிரிண்டர், நடுவில் இருக்கும் இணைப்பு, கணினி. எந்தத் துண்டில் கோளாறு என்று இரண்டு சோதனைகளில் தெரிந்துவிடும்.

அதற்கு முன்னால் ஒரு வேண்டுகோள். பிரிண்ட் பட்டனை மறுபடி மறுபடி அழுத்தாதீர்கள். ஒவ்வொரு அழுத்தலும் வரிசையில் புதிதாக ஒன்றைச் சேர்க்கிறது. கோளாறு நீங்கிய நொடியில் அத்தனையும் அச்சாகிக் கொட்டும்.

முதல் சோதனை: கணினி இல்லாமல் ஒரு தாள்

ஸ்கேனரும் சேர்ந்த பிரிண்டர் என்றால் காப்பி எடுத்துப் பாருங்கள். ஸ்கேனர் இல்லாதது என்றால் பிரிண்டரே தன் சோதனைத் தாளை அச்சடிக்கும் வசதி இருக்கும். திரை உள்ளவற்றில் அது செட்டிங்ஸிலோ பராமரிப்புப் பகுதியிலோ இருக்கும். திரை இல்லாதவற்றில் ஏதாவது ஒரு பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். எந்தப் பட்டன் என்பது மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் கையேட்டைப் பாருங்கள். கையேடு தொலைந்திருந்தால் தயாரிப்பு நிறுவனத்தின் இணையதளத்தில் மாடல் எண்ணைக் கொடுத்துத் தேடினால் கிடைக்கும்.

தாள் வந்துவிட்டால் இரண்டாவது சோதனைக்குப் போங்கள். வரவில்லை என்றால், அல்லது வெறுந்தாளாக வந்தால், கணினியில் என்ன செய்தாலும் பயனில்லை. காகிதத்தையும் மையையும் பற்றிக் கீழே எழுதியிருப்பவற்றைப் பாருங்கள்.

இரண்டாவது சோதனை: கைப்பேசியிலிருந்து ஒரு தாள்

பிரிண்டர் வைஃபையில் இருந்தால், அதே வைஃபையில் இருக்கும் கைப்பேசியிலிருந்து ஒரு படத்தை அச்சுக்கு அனுப்புங்கள். ஆண்ட்ராய்டிலும் ஐஃபோனிலும் இதற்கான வசதி உள்ளேயே இருக்கிறது. பழைய பிரிண்டர்களுக்கு மட்டும் தயாரிப்பாளரின் செயலி தேவைப்படலாம். கைப்பேசியிலிருந்து அச்சு வந்தால் பிரிண்டரும் வைஃபையும் நலம், கோளாறு கணினியில்தான். கைப்பேசியிலிருந்தும் வரவில்லை என்றால் இணைப்பைச் சந்தேகியுங்கள்.

யூஎஸ்பி பிரிண்டர் என்றால், கைப்பேசிக்குப் பதிலாக வேறொரு கணினியை அதே கேபிளில் இணைத்துப் பாருங்கள்.

அக்கா மகளின் கைப்பேசியிலிருந்து அச்சு உடனே வந்தது. அழைப்பு வந்து ஐந்து நிமிடங்கள்கூட ஆகவில்லை. மூன்று துண்டுகளில் இரண்டைக் கைவிட்டு, கணினியை மட்டும் பார்த்தால் போதும் என்ற நிலைக்கு வந்துவிட்டோம்.

காகிதம்

பிரிண்டரே அச்சடிக்க மறுத்தால் முதலில் காகிதத்தைப் பாருங்கள். சிக்கிய தாளை அது வழக்கமாகப் போகும் திசையிலேயே, இரண்டு கைகளாலும் பிடித்து மெதுவாக இழுக்க வேண்டும். வேகமாக இழுத்தால் தாள் கிழியும். உள்ளே தங்கிவிட்ட விரல் நகம் அளவுத் துண்டுகூட உணரியை மறைத்துக்கொண்டு, காகிதம் சிக்கியிருக்கிறது என்ற செய்தியை நாள் கணக்கில் காட்ட வைக்கும். எல்லாம் எடுத்துவிட்டேன், ஆனாலும் செய்தி போகவில்லை என்று சொல்பவர்கள் பின்பக்கக் கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். பல மாடல்களில் அந்தக் கதவு இருப்பதே நமக்குத் தெரியாது.

லேசர் பிரிண்டர் என்றால் அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஆறவிட்டே கைவையுங்கள். டோனர் தூளை உருக்கித் தாளில் ஒட்டவைக்கும் ஃபியூசர் என்ற பகுதி 200 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடாகும். கை பட்டால் சுட்டுவிடும்.

தாள் சிக்கவில்லை, ஆனால் பிரிண்டர் அதை இழுக்கவே மாட்டேன் என்கிறது, அல்லது ஒரே நேரத்தில் நான்கைந்தை இழுக்கிறது என்றால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, காகிதம் ஈரத்தை உறிஞ்சி ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். கட்டை வெளியே எடுத்து ஓரங்களை விசிறி மாதிரி பிரித்து, நேராகத் தட்டி அடுக்கி, மறுபடி வையுங்கள். மற்றொன்று, தாளை இழுக்கும் ரப்பர் உருளைகளில் தூசி படிந்து வழவழப்பாகியிருக்கும். நூல் உதிராத துணியைத் தண்ணீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, உருளையைச் சுற்றித் துடைத்தால் பிடிப்பு திரும்பிவிடும். தட்டில் இருக்கும் ஓரத் தடுப்புகள் தாளைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். நெரிக்கவும் கூடாது, இடைவெளியும் இருக்கக் கூடாது.

காகித அளவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். புதியவர்களை இதைப் போல ஏமாற்றும் கோளாறு வேறு இல்லை. காகிதம் இருக்கிறது, மை இருக்கிறது, ஆவணமும் வந்து சேர்ந்துவிட்டது, ஆனாலும் பிரிண்டர் காகிதம் வை என்று விளக்கைச் சிமிட்டிக்கொண்டே நிற்கும். தட்டில் இருப்பது ஏ4 தாள். அதன் அளவு 210 மில்லிமீட்டருக்கு 297. இணையத்திலிருந்து இறக்கிய ஆவணமோ லெட்டர் என்ற அளவில் செய்யப்பட்டிருக்கும், அதாவது சுமார் 216-க்கு 279. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒழிய நம் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. பிரிண்டர் லெட்டர் தாளுக்காகக் காத்திருக்கும். அச்சுக் கட்டளை கொடுக்கும் பெட்டியில் காகித அளவை ஏ4 என்று மாற்றி, பக்கத்துக்குப் பொருந்துமாறு அளவைக் கூட்டிக் குறைக்கும் தேர்வையும் போட்டுவிடுங்கள். பிரிண்டரின் திரையில் தட்டிலிருக்கும் காகித அளவு எப்படிப் பதிவாகியிருக்கிறது என்பதையும் ஒருமுறை பாருங்கள். குறிப்பிட்ட ஓர் ஆவணம் மட்டும் அச்சாகவில்லை, மற்றவை எல்லாம் வருகின்றன என்றால் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான்.

மையும் டோனரும்

இங்க்ஜெட் பிரிண்டரை வாரக்கணக்கில் பயன்படுத்தாமல் விட்டால் மை தெளிக்கும் நுண்துளைகளில் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். தாளில் வெள்ளைக் கோடுகள் விழும், ஒரு நிறம் மட்டும் காணாமல் போகும், சில நேரம் தாளே வெறுமையாக வரும். பராமரிப்புப் பகுதியில் நாசில் செக் என்ற சோதனை இருக்கும். அதை அச்சடித்துப் பார்த்தால் எந்த நிறத்தில் கோடு அறுந்திருக்கிறது என்று தெரியும். அதன் பிறகு ஒருமுறை சுத்தம் செய்யச் சொல்லுங்கள். மறுபடி சோதித்துப் பாருங்கள்.

இரண்டு மூன்று முறை சுத்தம் செய்தும் மாற்றமில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு சுத்தத்துக்கும் மை செலவாகிறது. அந்தக் கழிவு மையைப் பிரிண்டருக்குள் இருக்கும் பஞ்சு உறிஞ்சிக்கொள்கிறது. பஞ்சு நிறைந்துவிட்டால் பிரிண்டர் வேலை செய்வதையே நிறுத்திவிடும். ஓர் இரவு அப்படியே விட்டு, காய்ந்த மை ஊறி இளகிய பிறகு காலையில் மறுபடி முயன்றால் பல நேரங்களில் வந்துவிடும்.

இந்த அடைப்பு வராமலிருக்க எளிய பழக்கம் ஒன்று உண்டு. இங்க்ஜெட்டை எப்போதும் அதன் பவர் பட்டனால் அணையுங்கள். அப்போதுதான் மைத்தலை ஓரத்தில் இருக்கும் மூடிக்குள் போய் உட்காரும். சுவர் சுவிட்சை நேராக அணைத்தால் தலை பாதி வழியில் திறந்தபடி நின்று காய்ந்துபோகும். பவர் பட்டனை அழுத்தியதும் உள்ளே சரசரவென்று ஓர் ஓசை கேட்கும். தலை தன் இடத்துக்குத் திரும்புகிற ஓசைதான் அது. அது அடங்கிய பிறகு சுவர் சுவிட்சை அணைக்கலாம். வாரம் ஒரு தாளாவது வண்ணத்தில் அச்சடித்து வருவதும் நல்லது.

கறுப்பு மை நிறைய இருக்கும்போதும் அச்சடிக்காமல் நிற்கும் பிரிண்டர்கள் உண்டு. ஏதோ ஒரு வண்ணக் கார்ட்ரிட்ஜ் தீர்ந்துபோனதால் மொத்த வேலையையும் நிறுத்தும் மாடல்கள் அவை. புதுக் கார்ட்ரிட்ஜ் போட்டதும் வெறுந்தாளாக வந்தால், அதன் மேல் ஒட்டியிருந்த பாதுகாப்பு நாடா உரிக்கப்படாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

லேசரில் இந்த அடைப்பெல்லாம் கிடையாது; டோனர் வெறும் தூள். எழுத்து மங்கினால் கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்து இடமும் வலமுமாக மெதுவாக ஆட்டி மறுபடி போடுங்கள். இன்னும் கொஞ்சம் தாள்களுக்கு வரும். டிரம் என்ற உருளை வெளிச்சத்தில் கெட்டுவிடும் என்பதால் அதை அதிக நேரம் வெளியே வைக்காதீர்கள். தூள் சிந்திவிட்டால் குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். வெந்நீர் பட்டால் அது இளகி ஒட்டிக்கொள்ளும். வீட்டு வாக்குவம் கிளீனரால் உறிஞ்சாதீர்கள். அதன் வடிகட்டியைத் தாண்டி நுண்தூள் காற்றில் பரவும்.

இணைப்பு

யூஎஸ்பி கேபிளில் அதிகம் சொல்ல இல்லை. இரண்டு முனைகளையும் கழற்றி அழுத்திச் செருகுங்கள். நடுவில் ஒரு யூஎஸ்பி துளையைப் பலவாக்கும் ஹப் இருந்தால் அதை விட்டுவிட்டுக் கணினியிலேயே நேராகச் செருகுங்கள். முடிந்தால் வேறு கேபிள் போட்டுப் பாருங்கள். ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: வேறு யூஎஸ்பி துளைக்கு மாற்றினால் விண்டோஸ் சில நேரம் அதைப் புதிய பிரிண்டர் என்று எண்ணி, அதே பெயரோடு காப்பி 1 என்று சேர்த்து இன்னொரு பதிவை உண்டாக்கிவிடும். நீங்கள் பழைய பெயருக்கு அனுப்பிக்கொண்டிருப்பீர்கள், பிரிண்டரோ புதிய பெயரில் காத்திருக்கும்.

வைஃபையில் முதலில் பார்க்க வேண்டியது, பிரிண்டரும் கணினியும் ஒரே வலையில் இருக்கின்றனவா என்பது. விருந்தினர் வைஃபை என்று தனியாக ஒன்று இருந்தால், அதில் இருக்கும் சாதனங்களால் மற்றவற்றைப் பெரும்பாலும் பார்க்க முடியாது. ரவுட்டரின் கடவுச்சொல்லை மாற்றியிருந்தால் பிரிண்டரிலும் புதியதைக் கொடுக்க வேண்டும். கைப்பேசிகளிலும் கணினியிலும் மாற்றிவிட்டுப் பிரிண்டரை மறந்துவிடுவது எல்லா வீடுகளிலும் நடப்பதுதான். வீட்டுப் பிரிண்டர்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இயங்கும். ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் இயங்கும்படி வைத்திருந்தால் பிரிண்டரின் பட்டியலில் உங்கள் வைஃபையின் பெயரே தெரியாது. இணையப் போக்குவரத்தை வேறு வழியாகத் திருப்பிவிடும் விபிஎன் என்ற நிரல் கணினியில் ஓடிக்கொண்டிருந்தால் அதை நிறுத்திவிட்டு முயன்று பாருங்கள்.

பிரிண்டரின் செட்டிங்ஸிலிருந்து நெட்வொர்க் விவரத் தாள் ஒன்றை அச்சடிக்கலாம். அதில் ஐபி முகவரி என்ற எண் இருக்கும், வீடுகளில் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். அந்த எண் 169.254 என்று தொடங்கினால் பிரிண்டருக்கு ரவுட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை என்று பொருள். ரவுட்டரை அணைத்துப் போட்டு, அது முழுதாக எழுந்த பிறகு பிரிண்டரை அணைத்துப் போடுங்கள். இந்த வரிசை முக்கியம்.

கணினி

கணினியில் ஆகச் சாதாரணமானவற்றிலிருந்து தொடங்குங்கள். அச்சுக் கட்டளை கொடுக்கும் பெட்டியில் எந்தப் பிரிண்டரின் பெயர் இருக்கிறது? பிடிஎஃப் கோப்பாகச் சேமிக்கும் தேர்வும் அந்தப் பட்டியலில் ஒரு பிரிண்டரைப் போலவே உட்கார்ந்திருக்கும். அது தேர்வாகியிருந்தால் தாள் வராது, எங்கே சேமிப்பது என்றுதான் கேட்கும். விண்டோஸ் 10-லும் 11-லும் இயல்புப் பிரிண்டரை விண்டோஸே நிர்வகிக்கட்டும் என்ற தேர்வு செட்டிங்ஸில் இருக்கிறது. அது இயங்கினால் கடைசியாக எதற்கு அனுப்பினீர்களோ அதுவே இயல்பாகிவிடும். அதை அணைத்துவிட்டு உங்கள் பிரிண்டரை நீங்களே இயல்பாக்குங்கள்.

அடுத்து, செட்டிங்ஸில் பிரிண்டர்கள், ஸ்கேனர்கள் என்ற பகுதிக்குப் போய் உங்கள் பிரிண்டரைத் தேர்ந்து அச்சு வரிசையைத் திறந்து பாருங்கள். அச்சு இடைநிறுத்தப்பட்டிருக்கிறதா, ஆஃப்லைனில் பயன்படுத்து என்பது தேர்வாகியிருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் எடுத்துவிடுங்கள்.

வரிசையில் பழைய ஆவணம் ஒன்று பிழையோடு நின்றிருந்தால், பின்னால் வரும் எல்லாமே அதற்குப் பின்னால் நிற்கும். அதை ரத்து செய்யுங்கள். ரத்து செய்தும், நீக்கப்படுகிறது என்று எழுதிக்கொண்டு மணிக்கணக்கில் அங்கேயே கிடந்தால் கணினியை அணைத்துப் போடுவதால் பயனிருக்காது. ஆவணம் வட்டில் கோப்பாக இருக்கிறது. கணினி எழுந்ததும் அதுவும் எழுந்துவிடும். கையால்தான் அகற்ற வேண்டும்.

1. பிரிண்டரை அணைத்துவிடுங்கள்.

2. ஸ்டார்ட் மெனுவில் சர்வீசஸ் என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து அந்தச் சாளரத்தைத் திறங்கள். பட்டியலில் பிரிண்ட் ஸ்பூலர் என்பதன் மேல் வலது கிளிக் செய்து நிறுத்துங்கள். சாளரத்தை மூட வேண்டாம்.

3. சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்ற கோப்புறைக்குப் போங்கள். அனுமதி கேட்டால் கொடுங்கள்.

4. உள்ளே இருக்கும் கோப்புகளை மட்டும் நீக்குங்கள். பிரிண்டர்ஸ் என்ற கோப்புறை அங்கேயே இருக்கட்டும். ஒவ்வோர் ஆவணத்துக்கும் எஸ்பிஎல், எஸ்எச்டி என்று இரண்டு கோப்புகள் இருக்கும். முதலாவது அச்சாக வேண்டிய தரவு, இரண்டாவது அதற்கான விவரம்.

5. சர்வீசஸ் சாளரத்துக்குத் திரும்பி ஸ்பூலரை மறுபடி தொடங்குங்கள். பிரிண்டரைப் போட்டு ஒரே ஒரு தாளை அனுப்பிப் பாருங்கள்.

அக்கா மகளின் வரிசையில் பதினோரு விண்ணப்பங்களும் அணிவகுத்து நின்றன. பத்தை ரத்து செய்யச் சொன்னேன். அவை எளிதாகவே போய்விட்டன, ஆனால் மிஞ்சிய ஒன்று நகரவில்லை. பிரிண்டரின் பெயருக்குக் கீழே ஆஃப்லைன் என்று மங்கலான எழுத்தில் இருந்தது. கைப்பேசிக்குக் கண்ணில் படும் பிரிண்டர் கணினிக்கு மட்டும் எப்படிக் காணாமல் போகும்?

"இன்றைக்கு ரவுட்டரை அணைத்தீர்களா?"

"சாயந்திரம் இணையம் மெதுவாக இருந்தது என்று அம்மா அணைத்துப் போட்டார்கள்."

ரவுட்டர் எழும்போது வீட்டிலிருக்கும் சாதனங்களுக்கு முகவரிகளைப் புதிதாகப் பங்கிடலாம். பிரிண்டருக்கு முன்பு இருந்த எண் வேறு, இப்போது கிடைத்த எண் வேறு. கணினியோ பழைய எண்ணிலேயே கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. நெட்வொர்க் விவரத் தாளை அச்சடிக்கச் சொன்னேன், 192.168.1.23 என்று இருந்தது. பிரிண்டர் பிராபர்ட்டீஸில் போர்ட்ஸ் பக்கத்தைத் திறந்து, டிக் போட்டிருந்த வரியைப் படிக்கச் சொன்னேன். "192.168.1.14" என்றாள்.

இதைச் சரிசெய்ய அதே பக்கத்தில் புதிய போர்ட் சேர்க்கும் பட்டன் இருக்கிறது. ஸ்டாண்டர்டு டிசிபி ஐபி போர்ட் என்பதைத் தேர்ந்து, தாளில் இருக்கும் எண்ணைக் கொடுத்தால் போதும். இது கடினமாகத் தோன்றினால் பிரிண்டரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தாலும் சரியாகிவிடும். இதே தொல்லை அடுத்த வாரம் திரும்பி வராமலிருக்க ரவுட்டரின் செட்டிங்ஸில் பிரிண்டருக்கு ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்கி வையுங்கள். பத்து நிமிட வேலைதான், ஆனால் வைஃபை பிரிண்டர் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இதைச் செய்துவிட வேண்டும் என்பேன்.

முகவரி சரியாக இருந்தும் ஆஃப்லைன் என்றே காட்டினால், போர்ட்ஸ் பக்கத்தில் கான்ஃபிகர் போர்ட் பட்டனை அழுத்தி, எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் என்பதில் இருக்கும் டிக்கை எடுத்துப் பாருங்கள். பிரிண்டரின் நிலையைக் கேட்டறியும் ஏற்பாடு அது. பதில் வராவிட்டால் பிரிண்டரே இல்லை என்று விண்டோஸ் முடிவு கட்டிவிடும்.

டிரைவரில் கைவைப்பது எப்போது

மேலே சொன்ன எதுவும் பலிக்காதபோது மட்டும். அல்லது பக்கம் பக்கமாக ஒரே ஒரு வரியில் புரியாத குறியீடுகளாக வந்து கொட்டும்போது. பின்னது டிரைவர் பேசும் மொழி பிரிண்டருக்குப் புரியவில்லை என்பதன் அடையாளம். உடனே பிரிண்டரை அணைத்து, வரிசையைக் காலி செய்யுங்கள், காகிதமாவது மிஞ்சும்.

டிரைவரை நீக்கும்போது பிரிண்டரைப் பட்டியலிலிருந்து எடுப்பது மட்டும் போதாது. டிரைவர் கோப்புகள் உள்ளேயே இருக்கும், மறுபடி சேர்க்கும்போது அதே பழுதான டிரைவர்தான் வந்து ஒட்டிக்கொள்ளும். பிரிண்ட் சர்வர் பிராபர்ட்டீஸில் டிரைவர்ஸ் பக்கத்துக்குப் போய் அதையும் நீக்குங்கள். பிறகு கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட் டவுன் செய்து மறுபடி போடுவது இதற்குச் சமமில்லை: விண்டோஸில் விரைவுத் தொடக்கம் என்ற வசதி இயங்கினால், ஷட் டவுன் செய்தாலும் உள்ளமைப்பின் நிலை வட்டில் சேமிக்கப்பட்டு அப்படியே திரும்பி வரும். ரீஸ்டார்ட்தான் முழுதாகத் துடைத்துத் தொடங்கும்.

புதிய டிரைவரைத் தயாரிப்பு நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடல் முடிவில் மேலே நிற்கும் டிரைவர் அப்டேட் நிரல்களை நம்பி இறங்காதீர்கள். தேவையில்லாத நிரல்களைக் கணினியில் ஏற்றிவிடும் ஆபத்து அவற்றில் அதிகம். யூஎஸ்பி பிரிண்டர் என்றால் இன்ஸ்டால் நிரல் கேட்கும் வரை கேபிளைச் செருகாமல் வைத்திருங்கள்.

மேக் கணினியில் வேலை எளிது. சிஸ்டம் செட்டிங்ஸில் பிரிண்டர்கள் பட்டியலின் மேல் கண்ட்ரோல் விசையை அழுத்தியபடி கிளிக் செய்தால், அச்சு அமைப்பை மீட்டமைக்கும் தேர்வு வரும். எல்லாப் பிரிண்டர்களும் பட்டியலிலிருந்து போய்விடும், பிறகு உங்களுடையதைச் சேர்த்துக்கொள்ளலாம். லினக்ஸில் பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் 631 என்ற முகவரிக்குப் போனால் கப்ஸ் என்னும் அச்சு அமைப்பின் பக்கம் திறக்கும். நின்றுபோன பிரிண்டரை அங்கேயே தொடங்கலாம்.

ஒரே ஒரு ஆவணம் மட்டும் வரவில்லை என்றால்

காகித அளவை முன்பே சொல்லிவிட்டேன். அது சரியாக இருந்தால் கோப்பைச் சந்தேகியுங்கள். நோட்பேடில் இரண்டு வரி எழுதி அச்சடியுங்கள். அது வந்தால் பிரிண்டரிலும் டிரைவரிலும் குறையில்லை. பிடிஎஃப் கோப்பு என்றால் அடோபி ரீடரின் அச்சுப் பெட்டியில் அட்வான்ஸ்டு பட்டனை அழுத்தி, படமாக அச்சடி என்பதைத் தேர்ந்தெடுங்கள். எழுத்துருச் சிக்கலையெல்லாம் இது தாண்டிவிடும். தமிழ் ஆவணங்களில் எழுத்துகள் கட்டங்களாகவோ, கொம்பும் காலும் இடம் மாறியோ அச்சாகும்போது எனக்குப் பல முறை கைகொடுத்தது இந்த வழிதான். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு வேறு கணினியில் ஆங்கில எழுத்துகளின் குவியலாகத் தெரியும். அந்த எழுத்துரு இருக்கும் கணினியிலேயே அதைப் பிடிஎஃப் ஆக்கிக்கொண்டு வந்து அச்சடிப்பது நல்லது.

பழுது பார்ப்பவரிடம் போகும் முன்

உள்ளே அரைபடும் ஓசை, கருகல் வாடை, எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் அதே பிழை எண், கழிவு மைப் பஞ்சு நிறைந்துவிட்டது என்ற செய்தி: இவற்றில் எதுவாக இருந்தாலும் நீங்கள் நிறுத்திக்கொள்ளுங்கள். கருகல் வாடை வந்தால் மட்டும் பவர் பட்டனைத் தேடாமல் சுவர் சுவிட்சை அணைத்துப் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள்.

போகும்போது மாடல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். திரையில்லாத பிரிண்டர் என்றால் எந்த விளக்கு, என்ன நிறத்தில், எத்தனை முறை சிமிட்டி நிற்கிறது என்று எண்ணி எழுதுங்கள். அல்லது கைப்பேசியில் அரை நிமிடம் படமெடுத்து வையுங்கள். பல மாடல்களில் ஒவ்வொரு பிழைக்கும் சிமிட்டல் எண்ணிக்கை தனி. காப்பி வந்ததா, கைப்பேசியிலிருந்து வந்ததா என்ற இரண்டு பதில்களையும் சொல்லிவிடுங்கள். பழுது பார்ப்பவர் முதலில் சோதிப்பது அவற்றைத்தான்.